தலையைக் கழுவ நான் தின்ற மருந்து

இலங்கையிலிருந்து நாங்கள் கப்பலேறி வந்து நாலாவது வருடம். குந்தா பக்கத்தில், மஞ்சூருக்கு ஆறு மைல் தள்ளியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. நான் மஞ்சூரில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது நான் செய்த ஒரு காரியத்தை இன்றுவரை கூட்டாளிகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். கப்பலுக்குக் கொடுத்த காகிதங்களில் அப்பாவும் அம்மாவும் பெருவிரல் ரேகைதான் வைத்தார்கள். தோட்டத்து ஆபீசில் ஆட்களின் பேர்க்கணக்கான செக்ரோல் எழுதும் குமாஸ்தா அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார், பையன் பாஸ் பண்ணிவிட்டால் பார்க்கலாம் என்று தோட்டத்து மானேஜர் துரை அப்பாவிடம் சொல்லியிருந்தார். பாஸ் என்றால் மேசை, நாற்காலி, பேனா. ஃபெயில் என்றால் தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தி. அப்பாவின் இரண்டு கையிலும் அந்தக் கத்தி போட்ட தழும்புகளைத் தினமும் சோற்றுத் தட்டுக்கு எதிரே பார்த்து வளர்ந்தவன் நான்.

என் தொல்லை ஞாபகம்தான். படித்தது நிற்கவில்லை என்பதைவிட, பழையது போகவில்லை என்பதே சரி. ஏழாம் வகுப்புவரை அங்கே படித்தேன். இங்கே வாத்தியார் ஆறுகளின் பெயரைக் கேட்டால் யோசிக்கும் முன்பே என் வாய் மகாவலி கங்கை என்று சொல்லிவிடும். சோழ ராஜாவைக் கேட்டால் அநுராதபுரத்து ராஜா வந்து நிற்பார். அரையாண்டுத் தேர்வில் அப்படியே எழுதியும் வைத்தேன். அதிலிருந்து வகுப்பில் என் பெயர் மகாவலி. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையைக் காம்பரா என்றுதான் சொல்வோம். அது ஒரு நாள் வகுப்பில் வாய் தவறி வந்துவிட, பக்கத்துப் பெஞ்சுக்காரன் தினமும் காலையில் எழுந்து நின்று கும்பிட ஆரம்பித்தான்.

"ஏனுங்க மகாவலி, காம்பராவுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சூர் சந்தைக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒருவர் ஜமுக்காளம் விரித்து டப்பாக்களை அடுக்கியிருந்தார். மாணவர்களுக்கு ஞாபக சக்தி, கவனம், புத்திக் கூர்மை என்று அட்டையில் எழுதியிருந்தது. கையில் புத்தகத்தோடு நான் நின்றதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. படிக்கறது நிக்க மாட்டேங்குதுங்களா?"

ஆமாம் என்றேன். ஆனால் பழையதெல்லாம் நன்றாக நிற்கிறது என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அதாங்க விஷயமே! அடிப்பிடிச்ச சட்டியில புதுசா பால ஊத்துனா என்னாகுமுங்க? மொதல்ல வெளக்கோணும். குடல் சுத்தமானா மூள சுத்தம். அப்புறம் இந்த வல்லாரைச் சூரணம் சாப்புடுங்க, ஒருக்காப் படிச்சாப் போதும், கல்லுல வெட்டுன மாதிரி நிக்கும்."

மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிவப்புப் பொட்டலம். உப்பு கூடாது, சோறு கூடாது, தேத்தண்ணீர் கூடவே கூடாது. வெந்நீர் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். நாலாம் நாளிலிருந்து சூரணம். கூட்டாளி யாருக்காவது ஆகும் என்று ஆறு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். எனக்குக் கூட்டாளி யார் இருந்தார்கள்? ஆறையும் சூரண டப்பாவையும் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அம்மாவும் அப்பாவும் வேலைக்குக் கிளம்பியதும் முதல் பொட்டலத்தைத் தின்றேன். பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்ததால் கேட்க ஆளில்லை. அன்று லயத்துக்குக் கீழே இருந்த கக்கூசுக்கு எத்தனை தடவை ஓடினேன் என்று எண்ண முடியவில்லை. அம்மா எனக்கு வைத்துவிட்டுப் போன ரொட்டியும் சம்பலும் தங்கச்சிக்குப் போயின. அந்த வாரம் அவள் ஒரு சுற்றுப் பெருத்திருப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் தலை பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. ஒரு பக்கம் படித்தேன், நின்றமாதிரி இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக் கண்ணை மூடி என்னை நானே சோதித்தேன். ஆறு என்று சொன்னேன். மகாவலி என்று உள்ளே கேட்டது.

இந்த இடத்தில்தான் என் புத்தி கெட்டது. இன்னும் சுத்தமாகவில்லை என்று முடிவு கட்டினேன். அம்மாவின் ஊரும், நான் பிறந்த காம்பராவும், அங்கே படித்த அத்தனையும் அடியோடு போனால்தான் இங்கே பாஸ் பண்ண முடியும் என்று நம்பினேன். வியாழக்கிழமை காலையில் சூரணத்துக்குப் பதில் இரண்டு பொட்டலங்களைச் சேர்த்துத் தின்றேன்.

மத்தியானத்திலிருந்து கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. சாயங்காலம் விளக்கேற்ற அம்மா கேட்ட பொருள் என் கையிலேயே இருக்கிறது, அதன் பெயர் வரவில்லை. தீப்பெட்டி. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷம்தான். போக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தங்கச்சி நிற்கிறாள். அவள் பெயரும் வரவில்லை.

அப்போது வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படி இல்லாத இடத்தில் காலை வைத்தமாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் பெயர் வந்துவிட்டது. ஆனால் திரும்பவும் போய்விடுமோ என்று மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா தம்பி, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? தேத்தண்ணியக்கூடத் தொட மாட்டேங்குற" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பரீட்சை பயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை ஹால் டிக்கெட் வாங்கப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அன்றைக்கு விட்டால் திங்கட்கிழமை பரீட்சை எழுத முடியாது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் மார்ச் மாதத்திலும் மூடுபனி இறங்கியிருந்தது. தோட்டத்திலிருந்து பஸ் ரோட்டுக்குக் குறுக்கு வழி, அரை மணி நேர நடை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடக்கக்கூடிய வழி. அன்று கால்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றன. எவ்வளவு தூரம் வந்தேன், மேலே போகிறேனா கீழே போகிறேனா, ஒன்றும் பிடிபடவில்லை. எங்கோ தப்புப் பறை அடிக்கிற சத்தம் கேட்டது. அங்கே, பழைய தோட்டத்தில், காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு அழைக்க அடிப்பார்கள். இங்கே சங்குதான் ஊதும், தப்பு கிடையாது. இது எந்த ஊர் என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். பனிக்குள் ஏதோ கனமாக மூச்சு விட்டது. காட்டெருமையாக இருக்கலாம், என் மூச்சாகவே இருக்கலாம். ஓடினேன். சீகை மரங்களுக்கு நடுவே விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது வெள்ளை முண்டாசு கட்டிய ஒரு படுகர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. காரட் தோட்டத்துக்குப் போகிறவர்கள் போல, கையில் களைக்கொத்து இருந்தது.

"தம்பி, யாரு நீ? பேரென்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தேன், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. தேடத் தேட வெறும் வெள்ளையாக இருந்தது. அழ ஆரம்பித்துவிட்டேன்.

"சரி சரி, அழுவாத. எந்த ஊரு? வீடு எங்கே?"

"மேப்பிரிவு, ஏழாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா."

தடுமாறாமல் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், வேறு யாரோ குடியிருக்கிற லயம் அது. அவர்கள் இருவரும் தங்கள் பாஷையில் என்னவோ பேசிக்கொண்டார்கள். மேப்பிரிவு என்று இந்தப் பக்கம் ஒரு இடமும் இல்லை என்று அவர் சொன்னதும் என் பயம் இன்னும் கூடியது. அந்த அம்மாள்தான் சட்டென்று, "காம்பராங்குறான் பாருங்க. சிலோன்காரங்கதான் அப்படிச் சொல்லுவாங்க. நம்ம கீழ் எஸ்டேட்டுப் பையன்தான் இது" என்றார்.

போர்வையில் சுற்றி அந்த மனிதர் என்னை முதுகில் தூக்கினார். தோட்டத்து டிஸ்பென்சரிவரை ஒரு மைல் இறக்கம். வழுக்கும் பாதையில் அவர் ஒரு இடத்தில்கூட என்னை இறக்கிவைக்கவில்லை. அவர் மனைவி முன்னால் நடந்துகொண்டே, "தூங்கிடாத, காம்பரா, காம்பரான்னு சொல்லிட்டே வா" என்று அதட்டினார். நான் சொல்லிக்கொண்டே போனேன்.

டிஸ்பென்சரியில் என்னைப் பார்த்ததும் நர்சம்மாவின் முகம் மாறியது. எனக்குக் கண் குழி விழுந்து, தோல் சுருங்கி, கை கால் சில்லிட்டிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்சம் தெளிந்தபோது அவர் வெளியே யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. "காலராவா இருந்தா லயத்தை அடைக்கணும். ஒருத்தரையும் வெளிய விடக்கூடாது. தண்ணித் தொட்டியப் பூட்டுங்க."

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடி வந்த அம்மா, கூடையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். அடைக்கணும் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கப்பலிலிருந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் எங்களை வரிசையில் நிறுத்தி, ஊசி போட்டு, வேலிக்குள் வைத்திருந்த நாட்கள் அவர் கண்ணில் வந்திருக்கும். லயத்தில் இன்னும் இரண்டு பேர் பரீட்சை எழுத இருந்தார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர்களுக்கும் பரீட்சை போகும். திறந்தால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கால்சட்டைப் பையிலிருந்த கடைசிச் சிவப்புப் பொட்டலத்தை எடுத்து நர்சம்மா கையில் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நர்சம்மா பொட்டலத்தை முகர்ந்தார். "பேதிக்குக் குடுக்கிறது. இதுக்கு மேல உப்பும் இல்லாம வெறும் வெந்நீராக் குடிச்சிருக்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா நீ எழுந்திருக்கவே மாட்ட" என்றார். மூளையில் ஏறாததெல்லாம் உப்புக் கஞ்சியில் ஏறும் என்று திட்டிக்கொண்டே கஞ்சி காய்ச்சச் சொன்னார்.

அம்மா கட்டிலருகே வந்தார். "எதுக்குடா?" என்று மட்டும் கேட்டார்.

அங்கே உள்ளதெல்லாம் மறக்கணும் என்றேன்.

"பேதிக்குத் தின்னா மகாவலி வத்திப் போயிருமாடா, மடையா?" என்று கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு கூடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒன் தம்பிய அங்கனதான பொதைச்சிட்டு வந்தோம். தங்கச்சிக்கு அவன் ஞாபகமில்ல. எனக்கும் அப்பாவுக்கும் அப்புறம், அப்பிடி ஒரு புள்ள இருந்துச்சுன்னு நெனைக்க நீ ஒருத்தன்தான்டா இருக்க."

நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

ஹால் டிக்கெட்டை அப்பா போய்க் கேட்டு வாங்கி வந்தார். வரும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரனும் கூட வந்திருந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏனுங்க மகாவலி" என்று ஆரம்பித்தவன், என்னைப் பார்த்ததும் முடிக்கவில்லை. கணக்கில் முக்கியமான கேள்விகள் என்று ஒரு தாளை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் பாட்டிலோடு பரீட்சைக்குப் போனேன். விடைத்தாளில் எண்ணை எழுதினேன். பெயர் திரும்பவும் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். சரித்திரத்தில் மார்க் குறைவுதான். ஆனால் பாஸ். இப்போது அந்த ஆபீசில்தான் செக்ரோல் எழுதுகிறேன். அந்தச் சூரண டப்பாவை அம்மா எங்கே எறிந்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் படுகர் தம்பதியைச் சந்தையில் எப்போதாவது பார்ப்பேன். என் பெயர் அவர்களுக்கு இப்போது தெரியும், ஆனாலும் அந்த அம்மாள் என்னைக் காம்பரா என்றுதான் கூப்பிடுவார். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

இன்றைக்கும் பனி இறங்கிய காலையில் தனியாக நடக்கும்போது அந்தப் பயம் வந்து தொற்றிக்கொள்ளும்; அப்போதெல்லாம் முதலில் என் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன், அடுத்துத் தம்பியின் பெயரை, அதற்கடுத்து ஏழாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா என்று, மூன்றும் சரியாக வந்த பிறகே அடுத்த எட்டை எடுத்து வைக்கிறேன்.