தண்டுவடத்தின் பெயரால் ஓர் உதை

மார்க்கர் பேனா மையின் நெடி எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மாடியில், ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போகும்போதெல்லாம் பாடம் காதில் விழாத அந்த டியூஷன் அறையில்தான், உயிரியல் சார் வெள்ளைப் பலகையில் இதயமும் குடலும் வரைந்து, நான்காம் படிவத்துக்காரியான எனக்கும் ஐந்தாம் படிவத்திலிருந்த என் அக்கா மாலதிக்கும் சேர்த்தே உடற்கூறு நடத்தினார். தாதியாக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதற்கு உயிரியல் வேண்டும்.

தோலுக்கு அடியிலிருக்கும் திசுக்களைப் பற்றிப் பாடம் நடந்த அன்று, சார் அவளை எழுப்பி முன்னால் நிறுத்தி, சதைப்பிடிப்பான அவள் கையை அடிமட்டக் கோலால் தட்டி, "படம் எதுக்கு? கொழுப்புத் திசு இங்க ஒரு லோரி இருக்கு, வந்து பாருங்க லா" என்றார். வகுப்பே சிரித்தது. அக்கா அங்கே அழவில்லை. அடுத்த வாரம் "நான் போகலை" என்றாள், அதோடு சரி. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார் அம்மா. பூமியை யார் கேட்டது? எனக்கு அந்த ஆளின் மூக்கு போதும்.

அவரே வந்து மாட்டினார். அனிச்சைச் செயல் பாடம். என்னை மேசைமேல் கால் தொங்க உட்காரவைத்து, எதிரே குந்திக்கொண்டு, முழங்கால் சில்லுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினால் தொடைத்தசை தானாகச் சுருங்கிக் கால் எகிறும், செய்தி தண்டுவடத்தோடு திரும்பிவிடும் என்று விளக்கி, "மூளைகிட்ட யாரும் பெர்மிஷன் கேக்க மாட்டாங்க, புரியுதா?" என்றார். நன்றாகவே புரிந்தது. முதல் தட்டுக்குக் கால் லேசாகத் துள்ளியது. "என்னமா, சாப்பிடலையா?" என்று இன்னும் கிட்டே குனிந்து மறுபடி தட்டினார். விட்டேன் பாருங்கள் ஓர் உதை! கண்ணாடி ஒரு பக்கம் பறக்க, மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, மனிதர் மல்லாந்தார்.

"ஐயோ சார், நான் இல்ல சார், தண்டுவடம்!"

இந்த முறை வகுப்பு சிரித்தது அவரைப் பார்த்து. அவர் வாயாலேயே சொன்ன பாடமாயிற்றே. அடிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். வீட்டில் நடித்துக் காட்டியபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் டியூஷனுக்குத் திரும்பவில்லை, உயிரியலையே விட்டுவிட்டாள்.

இன்று அந்த மாடியில் கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். வெள்ளைப் பலகையும் இல்லை, சுத்தியலும் இல்லை. அக்கா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். போன மாதம் பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சாரைப் பார்த்தேன். "என் மூக்கை உடைச்ச புள்ள இவதான்!" என்று பக்கத்து மேசைக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எங்க அக்கா மாலதியை ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டேன்.

ரசத்தை உறிஞ்சியபடி யோசித்தார். "மாலதியா? எந்த மாலதிமா? எத்தனையோ புள்ளைங்க வந்துச்சுங்க லா."

தன் மூக்கு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது அந்த மனிதருக்கு. பாவி, இன்னும் ஓங்கி உதைத்திருக்க வேண்டும்.