அருமைராசா மினுக்கிய விசை

அருமைராசா என்ற பெயரை நான் முதன்முதல் கேட்டது என் தங்கை சிவநேசத்துக்குச் சம்பந்தம் பேசிய நாளில். தரகர் எல்லாம் நல்லதாகச் சொல்லிவிட்டு, தமையனுக்குப் புதுச் சைக்கிள் வந்தபோது மாப்பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அதைத்தான் யோசித்திருக்க வேண்டும்.

கலியாணம் முடித்து கனடாவில் மொன்றியலுக்கு வந்தவர், பதினெட்டு வருசம் தண்ணீர்ப் பைப் செய்யும் ஆலையில் மினுக்கு வேலை செய்தார். அவர் மினுக்கிய பைப்பில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். தன் சித்தப்பா மகன் விமலநாதனை அங்கே தூசு தட்டும் வேலையில் சேர்த்து, மினுக்கப் பழக்கியதும் அவர்தான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. ஆலையின் மேற்பார்வையாளர் கஸ்தோன் மான் வேட்டைக்குப் போகிறவர். தன் வேட்டைத் துவக்கின் விசை இழுக்கக் கடினமாயிருக்கிறது, உள்ளே உரசும் இரும்புத் துண்டுகளை மினுக்கித் தர ஏலுமா என்று விமலநாதனைத்தான் கேட்டார். அவன் வில்லரேப் பகுதியில் இருந்த தன் வீட்டுக் குசினி மேசையில் வைத்து, உரசுகிற முகத்தை மாத்திரம் எமரித்தாளில் நாலைந்து தரம் தேய்த்துக் கொடுத்தான். மற்ற இடமெல்லாம் கறுப்பாகவே கிடந்தது. கஸ்தோனுக்குப் பெரிய சந்தோசம். அவருடைய கூட்டாளிமாரும் வரத் தொடங்கினார்கள்.

அருமைராசா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், விமலநாதன் வீட்டு இரும்புப் படிக்குக் கீழே யாருடைய கார் நிற்கிறது என்று எதிர்ப்பக்கத்தால் நடந்து பார்த்துவிட்டு வருவார். அவன் அனுப்பிய மான் இறைச்சிக் கறியைத் தொடவே மாட்டார். தூசு தட்டியவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்று சிவநேசத்திடம் புறுபுறுப்பார்.

கடைசியில் தானே கஸ்தோனிடம் வாய்விட்டுக் கேட்டு, இன்னொரு துவக்கின் விசையை வாங்கி வந்தார். மினுக்குச் சக்கரத்தை மோட்டாரில் பூட்டி, உடுப்புத் தோய்க்கிற அறையில் மூன்று நாள் நின்றார். துண்டு வைர மூக்குத்தி மாதிரி மின்னியது. எல்லா மூலையும் வழுவழு என்று உருண்டிருந்தது. எங்களுக்குக் காட்டி, இதைப் பார்த்தால் விமலனிடம் ஒருத்தனும் போகமாட்டான் என்றார்.

அடுத்த கிழமை கஸ்தோன் அந்தத் துண்டைப் பூட்டிய துவக்கோடு விமலநாதன் வீட்டுக்குப் போய், அருமைராசாவையும் அங்கே வரச் சொன்னார். நானும் தங்கையும் கூடப் போனோம். விமலநாதன் துவக்கில் குண்டு இல்லை என்று பார்த்து, சுடுவதற்குப் போல விசையை ஏற்றி, அடிக்கட்டையை நிலத்தில் மெல்லத் தட்டினான். விசையில் கை படாமலே, சுட்டதுபோல உள்ளே 'டிக்' என்று விழுந்தது. மறுபடி தட்டினான். மறுபடியும் விழுந்தது. குண்டு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எல்லோருக்கும் விளங்கியது. அருமைராசாவின் முகம் செத்துப் போயிற்று. பதினெட்டு வருசப் பெயர் அந்த மேசையில் கிடந்தது.

விமலநாதன் கஸ்தோனிடம் பிரெஞ்சில், உருக்கு பழசு, ஆர் மினுக்கினாலும் இப்படித்தான், புதுத் துண்டு வாங்குங்கோ என்று சொல்லி அனுப்பினான். கஸ்தோன் அருமைராசாவுக்கும் கைகொடுத்துவிட்டே போனார்.

படியிறங்கும்போது அருமைராசா திரும்பி நின்று கேட்டார்: "எனக்காக உன்னை ஆர் பொய் சொல்லச் சொன்னது?"

"பைப்புக்கு மினுக்கம் வேணும் அண்ணை. இதுக்குப் பிடிச்சு நிக்க மூலை வேணும். அவ்வளவுதான். வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அவர் குடிக்கவில்லை. வழியில் மெற்றோவில் தங்கையிடம் சொன்னார்: "அதிலயும் அவன்தான் நல்லவனாப் போனான், பாத்தியே."

இப்போது அருமைராசா நகரின் மேற்குப் புறத்துப் பியர்பொன்ட்ஸில் மகள் வித்தியாவின் வீட்டில் இருக்கிறார். விமலநாதன் இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கியிருக்கிறான். அந்தத் தெருவால் அவர் நடப்பதில்லை.