மூச்சிடையும் மெய்யிடையும்

சந்துக்குள் தையல்கடை வைத்திருந்தவளை எல்லோரும் 'அகராதி' என்றே கூப்பிட்டார்கள். பாதி அவள் வாய்த்துடுக்குக்கு, பாதி அவள் கட்டும் புதுச்சொற்களுக்கு. அளவெடுக்கும்போது பெண்கள் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒளிப்பார்களே, அந்த அளவுக்கு அவள் வைத்த பெயர் மூச்சிடை. நோட்டில் இரண்டையும் எழுதிக்கொள்வாள்: மூச்சிடை முப்பது, மெய்யிடை முப்பத்து மூன்று. வாய்விட்டுச் சொல்வது முதலாவதை, தைப்பது இரண்டாவதுக்கு. யாருக்கும் மனக்குறை இல்லை. வயதைச் சொல்லும்போது பத்தை விழுங்குகிறவர்கள் பத்துமுழுங்கிகள். கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் "தெருமுனைக்கு வந்துட்டேன்" என்கிறவர் தெருமுனையார். கடையில் பொத்தான் தைக்கும் நாத்தனார், சிரித்துச் சிரித்து ஊசியைக் கையில் குத்திக்கொள்வாள்.

தெருமுனையார் பட்டத்தை முதலில் வாங்கியவர் அவள் கணவர். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர், நல்ல தாட்டியான ஆள். கடைகளில் அவர் இடுப்புக்கு எதுவும் சரிவராது என்று அவருடைய பேன்ட்டை அவளே தைப்பாள்.

ஒரு கோடையில் புதுப் பேன்ட்டுக்கு அளவெடுக்க, திரைக்குப் பின்னால் அவரை நிற்கவைத்தாள். டேப்பைச் சுற்றியதும் அவர் வயிற்றை வெளியே தள்ளினார். இருபது வருடத்தில் அவள் டேப்புக்கு முன்னால் வயிற்றைத் தள்ளிய முதல் ஆள்.

"என்னங்க, எத்தனாவது மாசம்?" என்று அவளும் சிரித்துவிட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார், "அண்ணி, இதுக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க?" என்றாள்.

"இரு, யோசிக்கிறேன்" என்றபடி டேப்பை இறுக்கினாள். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பனியன். அதற்கும் உள்ளே, இடுப்பைச் சுற்றி மடித்துக் கட்டிய துண்டு. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு அளந்தாள். போன தடவை நாற்பது. இப்போது முப்பத்தைந்து.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா. டாக்டர்கிட்ட போனேன். வயித்துல கட்டியாம். பரவிடுச்சுன்னாரு." அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார். "நீ பயந்துடுவேன்னு சொல்லலை."

"அண்ணி, பேரு கிடைச்சுதா?" என்று மறுபடியும் குரல் வந்தது. அவள் நோட்டில் முப்பத்தைந்து என்று மட்டும் எழுதினாள்.

மருந்துக்கு நோய் கேட்கவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. அவர் ஸ்க்ரூடிரைவரால் பெல்ட்டில் புதுத் துளை போடுவார். போட்டுவிட்டு அந்தத் துளையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. துவைக்கிற நாள்தோறும் அவர் பேன்ட்டைக் கடைக்குக் கொண்டுவந்து, புதுத் துளைக்கு வேலை வராதபடி, அவருக்குத் தெரியாமல் இடுப்பில் அரை அங்குலம் பிடித்துத் தைத்து வைத்தாள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு அண்ணி?"

"தெரியட்டும். வேற என்ன இருக்கு என் கையில?"

ஒரு தடவை கண் கலங்கியிருந்ததில் கணக்குத் தப்பி, ஒன்றரை அங்குலம் பிடித்துவிட்டாள். மறுநாள் காலை அவர் அறைக்குள்ளிருந்து கத்தினார்.

"ஏய் அகராதி, இங்க வா! பொத்தான் போட முடியலை. எடை ஏறிடுச்சு, பாத்தியா?"

பல மாதமாகப் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஆமாங்க. கன்னம்கூட உப்பின மாதிரிதான் இருக்கு."

அன்று அவர் வழக்கத்தைவிட இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அரைமணி நேரத்தில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் படுத்திருக்கும்போது அவள் பேன்ட்டை மடியில் போட்டு, தையலில் ஒரு அங்குலத்தைப் பிரித்தாள். அவர் நிஜமாகவே நம்பினாரா, அவளுக்காக நம்புவதுபோல் நடித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் மெஷினில் அவர் தானாகவே போய் ஏறினார். நர்ஸ் எண்ணைச் சத்தமாகப் படித்தாள். போன மாதத்தைவிட நான்கு கிலோ குறைவு. அவர் எண்ணைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மெஷின் சரியில்லம்மா, மாத்தச் சொல்லுங்க" என்றார் நர்ஸிடம்.

நர்ஸ் அவளைப் பார்த்தாள்.

"ஆமா, சரியில்லதான்" என்றாள் அவள்.

நர்ஸ் எண்ணை எழுதிக்கொண்டாள். கீழே இறங்க அவர் கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். வெளியே காத்திருந்த நாத்தனார், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "மெஷின் சரியில்லையாம்" என்றபடி அவர் நடைபாதையில் முன்னால் நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் நான்கு மாதம் இருந்தார்.