எண்ணி எண்ணித் தேய்ந்த டிரைவ்

2023 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. மேகமூட்டம், புழுக்கம். மழை வரும்போல இருந்தது, வரவில்லை. சோமனூரில் என் மருமகள் நடத்தும் தறிக்கூடத்தின் மூலை அறையில், டிசைன்களையும் தறிக்கணக்கையும் வைத்திருக்கும் லினக்ஸ் சர்வரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

முந்தைய நாள் ஆயுத பூஜை. பதினாறு தறிகளையும் நிறுத்தித் துடைத்தபோது, மூன்று வருடமாக ஓடிய சர்வரையும் அவள் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டாள். காலையில் சுவிட்சைப் போட்டேன். ஓடியது. ஆனால் எதையும் எழுத மறுத்தது. படிக்க மட்டும்தான் முடியும் என்று திரையில் வரிவரியாக வந்தது.

"சந்தனத்த எங்க வெச்ச அம்மணி?"

"மூடி மேல ஒரு பொட்டுங்க மாமா. தறிக்கெல்லாந்தான் வெச்சேன். அதெல்லாம் நல்லாத்தான இருக்குது?"

"தறிக்குள்ள எஸ்எஸ்டி டிரைவ் கெடையாது."

மூடியைக் கழற்றினேன்.

"எமகண்டத்துல எதுக்குங்க அதையக் கழட்டுறீங்க? பத்தரை வரைக்கும் பொறுக்கக் கூடாதுங்களா?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஈரமும் இல்லை, சந்தனமும் இல்லை. டிரைவின் உடல்நிலையைக் கேட்கும் கட்டளையை அடித்தேன். இந்த வகை டிரைவில் இவ்வளவுதான் எழுதலாம் என்று ஓர் அளவு உண்டு; அந்த எழுதும் ஆயுளில் நூறு சதவீதம் தீர்ந்தது என்று பதில் வந்தது. நம்பாமல் மறுபடி அடித்தேன். அதே பதில்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா. என்ற போனுக்கு அப்படித்தான் செய்யறேன்." அவள் கை பட்டன்மேல் போய்விட்டது.

"கைய எடு கண்ணு!" என்று கத்திவிட்டேன்.

ஆயுள் தீர்ந்து எழுத மறுக்கும் டிரைவ்களில் சில, அதற்குமேல் ஒருமுறை அணைத்தால் பிறகு இருப்பதாகவே காட்டாது என்று படித்திருந்தேன். அதற்குள் அவள் வரைந்த சேலை டிசைன்கள் ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. நகலுக்கு இன்னொரு டிரைவ் வாங்கி வைக்கிறேன் என்று ஆடியில் சொன்னவன் நான். விஷயத்தைச் சொன்னதும் அவளே தன் பழைய வெளி டிஸ்க்கை எடுத்து வந்தாள்.

அதைச் செருகி நகலெடுக்க ஆரம்பித்தேன். எறும்பு ஊர்வதுபோல் போனது. எமகண்டம் முடிந்து பத்தரைக்கு மேல் ஊரிலுள்ள தறிகள் எல்லாம் நல்ல நேரம் பார்த்து ஒன்றாகக் கிளம்பும். வருடா வருடம் அந்தச் சமயத்தில் கரண்ட் போகும். யுபிஎஸ் பேட்டரி பழசு, எட்டு நிமிடம் தாங்கினால் அதிகம்.

"நம்ம தறியப் பொறவு போட்டுக்கலாமுங்க," என்றாள். "ஊர நிறுத்த முடியுங்களா?"

பத்து முப்பத்து நான்குக்கு நாலாபக்கமும் தறிச்சத்தம் எழுந்தது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் ஒன்றாக அடங்கியது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. இன்னும் அறுபத்தொரு டிசைன் பாக்கி. அவள் தரையில் உட்கார்ந்து வெளி டிஸ்க்கின் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அதையப் புடிச்சா வேகமா வருமா?"

"நீங்க மொறச்சுப் பாத்தா மட்டும் வருதுங்களா?"

கடைசி டிசைன் வந்துசேர்ந்தது. தன் லேப்டாப்பில் அதைத் திறந்து, கரையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மூச்சு விட்டாள். சற்று நேரத்தில் யுபிஎஸ் அணைந்தது. கரண்ட் வந்தபின் சர்வரைப் போட்டேன். அந்த டிரைவ் இருப்பதாகவே காட்டவில்லை.

மத்தியானம் முழுக்கக் காரணம் தேடினேன். மில்லில் மின்னணுப் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தறிகளின் ஓட்டத்தை எண்ணும் நிரலையும் நானே எழுதியிருந்தேன். ஊடைநூல் ஒவ்வொரு முறை குறுக்கே போகும்போதும் அதே டிரைவில் உடனே எழுதச் சொல்லியிருந்தேன். பதினாறு தறி, விநாடிக்கு நாற்பது முறை எழுதுவது, மூன்று வருடம். நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் போதாதா என்று அவள் அப்போதே கேட்டாள். கரண்ட் போனால் ஒரு நிமிடக் கணக்கு போய்விடுமே என்றேன்.

"அப்ப சந்தனமில்லீங்களே?"

"இல்ல கண்ணு."

"எண்ணி எண்ணியே அதையக் கொன்னுபோட்டீங்க மாமா," என்று சிரித்தாள்.

இப்போது நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதுகிறது. அந்தப் பத்து நிமிடமும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சர்வருக்கு ஒன்று, நகலுக்கு ஒன்று என இரண்டு டிரைவ், வாங்கப் போய்வந்த பஸ் கட்டணம், எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து முன்னூற்று நாற்பத்தாறு ரூபாய்.