மச்சானின் பெயரில் எறிந்த ஈட்டி

என் தம்பி முஸ்தாக் 1980ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் திகதி கல்முனைக்குடியில் பிறந்தான். தந்தை பக்கீர் முகைதீன். 1996இல் சாதாரண தரப் பரீட்சை எழுதினான்; கணிதத்தில் சித்தியடையாமல் பாடசாலையை விட்டான். மாவடிப்பள்ளி வயல்களில் கூலிக்கு வேலை செய்தவன் இன்று அதே வயல்களில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். வாப்பாவுக்குப் பின் நான் எழுதிவரும் குடும்பப் பதிவேட்டில் அவனைப் பற்றி நெடுங்காலம் இவ்வளவுதான் இருந்தது. இவற்றில் பிழையில்லை. ஆனால் அவனுடைய வாழ்க்கையின் மிகப் பெரிய நாள் இவற்றில் இல்லை.

அந்த நாள் 1999 செப்டெம்பரில் வந்தது. எங்கள் தாய்மாமனின் மகன் முர்ஷித் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். மாகாணப் போட்டியில் ஈட்டி எறிய அவனுடைய பாடசாலையில் ஆளில்லை. சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்த வேளையில் அப்பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் வயலுக்கே வந்தார். ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நின்ற சூடு என்னும் நெற்போரின் உச்சிக்கு முஸ்தாக் கதிர்க்கட்டுகளை எறிவதை வரம்பில் நின்று நெடுநேரம் பார்த்தாராம். பாடசாலையை விட்டு மூன்றாண்டான ஒருவன் பாடசாலைக்காகப் போட்டியிட விதி இடந்தராது. ஆகவே நுழைவுப் பத்திரத்தில் முர்ஷித்தின் பெயர் எழுதப்பட்டது. மைதானத்துக்கு முஸ்தாக் போனான். அக்காலத்தில் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டும் வழக்கம் அங்கு இல்லை.

ஒலிபெருக்கி முர்ஷித் என்று இரண்டு தடவை அழைத்தும் அவன் திரும்பவில்லை. ஆசிரியர் முதுகில் தட்டிய பிறகே எழுந்து போனான். 49.86 மீற்றர், முதலாமிடம். சான்றிதழ் முர்ஷித்தின் வீட்டுச் சுவரில் ஏறியது. அதன் பலத்தில் முர்ஷித் உடற்கல்விப் பயிற்சிக்குத் தெரிவானான், ஆசிரியரானான், பின்னர் வலயப் போட்டிகளில் போட்டியாளரின் தகுதியைப் பரிசோதிக்கும் மேசைக்கும் வந்தான்.

முதலிரண்டு ஆண்டுகள் அவன் கண்டிப்பாகவே இருந்தான் என்பதையும் நான் பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் மாணவர் பெயர் பதியும் பாடசாலை இடாப்பையும் ஒப்பிட்டுப் பதினேழு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். மூன்றாம் ஆண்டு அந்தப் பழைய ஆசிரியர் வயது கடந்த ஒருவனைக் கூட்டிவந்து, மேசையருகே குனிந்து, “என்ன முர்ஷித், இப்பயும் ஈட்டி எறியிறயா?” என்று சிரித்தாராம். முர்ஷித் கையெழுத்திட்டான். மதகுப் பலகைகளில் ஒன்று கழன்றால் மற்றவற்றைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்.

2010இல் முஸ்தாக் அக்காவான என்னிடம் வந்தான்.

“ராத்தா, அந்த ஈட்டிய என்ட பேருக்கு நேரே எழுதுங்களன்.”

சான்று கேட்டேன்.

“சான்று மச்சான்ட சுவரில தொங்குது. கழட்டிட்டு வரட்டா?” என்று சிரித்தான்.

சான்றில்லாததை எழுதலாகாது என்பது வாப்பா வைத்த விதி. நான் எழுதவில்லை. அவனும் பிறகு கேட்கவில்லை. மகள் நிப்லாவுக்குக் கை நீண்டதும் கமுகஞ் சிலாகையைச் சீவி ஈட்டியாக்கிக் கொடுத்தான். அறுவடை முடிந்த வயலில் அவளுக்கு எறியப் பழக்கினான்.

2024 வலயப் போட்டியில் நிப்லாவுக்கு வயது பதினேழு. மாகாணத்துக்கு முதலாமிடம் மட்டுமே போகும். அவள் 31.20 மீற்றர் எறிந்தாள். 32.05 எறிந்து முதலாமிடம் பெற்றவள் நஸ்லியா. நஸ்லியா பாடசாலையை விட்டு இரண்டாண்டு ஆகிறது. எங்கள் தெருவில் பாலர் பாடசாலை ஆசிரியை. நிப்லாவின் நாலு வயதுத் தம்பி அவளுடைய வகுப்பில்தான் இருக்கிறான்.

“டீச்சர், தம்பியயும் கூட்டி வந்தயளா?” என்று நிப்லா எறிகோட்டருகே கேட்டிருக்கிறாள்.

“என்னய என்ன செய்யச் செல்றாய், நிப்லா? ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் சேர் வீட்ட வந்து உம்மாட்டக் கேட்டாரு” என்று நஸ்லியா தலையைக் குனிந்துகொண்டாள்.

முஸ்தாக் ஆட்சேபனை தெரிவிக்க மேசைக்குப் போனான்.

“வா மச்சான். பிளேன்டீ குடிக்கயா?” என்றான் முர்ஷித்.

“குடிக்க வரல்ல. அந்தப் புள்ள ஸ்கூல்ல இல்ல. என்ட சின்னவனுக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கிறவ. ஒனக்குத் தெரியாதா?”

“இடாப்பில பேர் இரிக்கி. அதிபர் ஒப்பம் வெச்சிரிக்காரு. கடதாசி சரி.”

“கடதாசி சரிதான். ஆள்?”

முர்ஷித் பேனாவை மூடிவைத்தான். “ஆளப் பாக்கத் தொடங்கினா அது எங்க போய் நிக்கும் எண்டு ஒனக்குத் தெரியும். எனக்கு மூணு பொம்புளப் புள்ள மச்சான்.”

“எனக்கும் புள்ளதான் அங்க நிக்குது.”

ஆயினும் அன்று முஸ்தாக் ஆட்சேபனையை எழுதிக் கொடுக்காமலே திரும்பினான். மூன்றாம் நாள் காலையில் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்து, எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னான். 1999இல் முர்ஷித்தின் பெயரில் ஈட்டி எறிந்தவன் தானே என்றும், அதனால் தகுதி பார்க்க வேண்டியவருக்குத் தகுதி பார்க்க இயலாதிருக்கிறது என்றும், நஸ்லியாவின் பத்திரத்தை வேறொருவர் பரிசோதிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

“முர்ஷித்துக்கு வேலை போயிரும்டா” என்றேன்.

“போகணும் எண்டு செல்லல்ல ராத்தா. நான் வாய மூடினா இவட எடத்திலயும் வேற ஆள்தான் நிக்கும்.”

பிழை திருத்திக் கொடுத்தேன். பிரதி ஒன்றை எடுத்து வைத்தேன்.

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்று வாக்கியங்கள். ஆட்சேபனைகள் போட்டி நாளிலேயே சமர்ப்பிக்கப்பட வேண்டும். 1999ஆம் ஆண்டின் ஆவணங்கள் பேணப்படவில்லை. ஆதாரமின்மையால் முறைப்பாடு முடிவுறுத்தப்படுகிறது. மாகாணப் போட்டி அதற்கு முதல் நாளே முடிந்திருந்தது. நஸ்லியா அதில் நான்காமிடம். இருபத்தைந்து ஆண்டுகள் மறைத்த குற்றத்தை ஒருவன் தானாகவே ஒப்புக்கொண்டும், அவனை விசாரிக்கக்கூட எவரும் அழைக்கவில்லை.

முர்ஷித் இன்னும் அதே மேசையில் இருக்கிறான். நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டிலிருந்து எவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கடிதத்தின் செய்தி எப்படியோ வெளியே கசிந்து, நிப்லா தெருவில் போகும்போது “கள்ள ஈட்டிட மகள்” என்று பின்னால் குரல் கேட்கிறது.

பெருநாள் கழிந்த வாரம் முஸ்தாக் நிப்லாவோடு வந்தான்.

“இப்ப சான்று இரிக்கி, ராத்தா. நான் ஒப்பம் வெச்ச கடதாசி.”

ஆம், இருந்தது. 49.86 மீற்றர், முர்ஷித்தின் பெயரில், எறிந்தவனது சொந்த வாக்குமூலப்படி என்று முஸ்தாக்கின் பெயருக்கு நேரே எழுதினேன். அவன் அதை வாசிக்கவில்லை.

“இவளுக்கு முதலாமிடம் எண்டு எழுதுங்க. உண்ம அதுதானே.”

நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தேன்.

“ரெண்டு எண்டே எழுதுங்க மாமி” என்றாள் நிப்லா. “அது என்ட பேரிலதானே இரிக்கி.”

அவ்வாறே எழுதினேன். இவ்வாண்டின் நுழைவுப் பத்திரம் வந்தபோது அவள் அதை நிரப்பவில்லை. அதையும் திகதியிட்டு அந்த வரியின் கீழே சேர்த்திருக்கிறேன்.