ரஃபீக் ஒத்துக்கொள்ளவில்லை

ஜெபமணி பிறந்தது புனேயில், கட்கியில். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து வெடிமருந்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பி.காம். முடித்ததும் ஜெர்மன் படிக்கத்தான் போனாள். அங்கே இடமில்லை. பக்கத்து அறையில் ரஷ்யன் வகுப்பு நடந்தது, பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. போய் உட்கார்ந்தாள். அந்த மொழிதான் பிற்பாடு சோறு போட்டது.

ரஷ்யாவிலிருந்து ஆலைகளுக்கு இயந்திரம் வந்தால், அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு இன்ஜினியரும் கூடவே வருவார். அவர் பேசுவதை அதிகாரிகளுக்கு ஆங்கிலத்திலும் தொழிலாளர்களுக்கு ஹிந்தியிலும் ஜெபமணி சொல்வாள். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். கோபக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். ஆனாலும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

போன மழைக்காலத்தில், புனேயிலேயே ஹடப்சரில் அவள் வேலை பார்த்த ஆலையில் முகமது ரஃபீக்கின் வலது கை பிரஸ்ஸில் மாட்டியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து வளைக்கிற பிரஸ் அது. கை உள்ளே போனால் தானாக நிற்க வேண்டும், அதற்கு ஒரு சென்சார் உண்டு. அந்த சென்சார் அடிக்கடி பிரஸ்ஸை நிறுத்தியது, உற்பத்தி தாமதமானது. அதை ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். ரஃபீக்குக்கு மூன்று விரல் போயிற்று.

அன்றைக்கு ஜெபமணி வேலைக்கு வரவில்லை. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ரஷ்ய இன்ஜினியர் அனதோலி. விசாரணைக்கு தேஜஸ்வினி என்கிற அரசு அதிகாரி வந்தார். ஆலை மேலாளர் சுந்தரராமனும் உட்கார்ந்திருந்தார். அனதோலி மெதுவாகச் சொன்னார்:

“தோல்கா நி சக்லஷால்ஸ்யா. பதோம் உஸ்துப்பீல்.”

வெகுநேரம் அவன் ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் விட்டுக்கொடுத்துவிட்டான். அதை ஜெபமணி அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். ரஃபீக் தலையை ஆட்டி மறுத்ததையும், சென்சார் விளக்கைக் காட்டிக் காட்டிப் பேசியதையும், சூப்பர்வைசர் ஒரு ஃபோனை அவன் காதில் வைத்ததையும், அதில் யாரோ கத்தியதையும் அனதோலி வரிசையாகச் சொன்னார்.

சுந்தரராமன் தேஜஸ்வினியைப் பார்த்துக் குறுக்கிட்டார். “அக்ரீட்னு போட்டுக்கலாம் மேடம். கடைசியில ஓட்டினான் இல்லையா?”

ஒத்துக்கொண்டான் என்று எழுதினால் குற்றம் முழுக்க ரஃபீக் தலையில். தெரிந்தே, சம்மதித்து ஓட்டினான் என்றாகிவிடும். “அவர் அப்படிச் சொல்லவில்லை” என்றாள் ஜெபமணி.

டீ வந்தபோது சுந்தரராமன் அவளைத் தனியே அழைத்தார். அவர் சென்னைக்காரர். “மேடம், நாம ரெண்டு பேரும் தமிழ் ஆளுங்க. ஊர் விட்டு ஊர் வந்து பொழைக்கிறோம். ஒரே ஒரு வார்த்தை. விட்டுக்கொடுங்களேன்.”

“இப்ப என்ன சொன்னீங்க சார்?”

“விட்டுக்கொடுங்கன்னேன்.”

“ஒத்துக்கோங்கன்னு சொல்லலியே, ஏன்? எனக்கு இதுல இஷ்டமில்லன்னு உங்களுக்கே தெரியுது. தமிழ்ல தெரியுத வித்தியாசம் இங்கிலீஷ்ல மட்டும் தெரியாதோ?”

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார். மறுநாளே ஃபோன் வந்தது. இனி வர வேண்டாமாம்.

கணவர் சேவியர் தலையில் கை வைத்தார். “ஒரு வார்த்தைக்காவா வேலைய விடுத, ஜெபா?”

“நான் எங்க விட்டேன்? அவங்கதான் தள்ளிவிட்டாங்க. நீங்களும் அதுக்கு வேற பேரு வைக்காதீங்க” என்றாள்.

அடுத்த விசாரணைக்குள் அனதோலி ஊருக்குத் திரும்பியிருந்தார். வீடியோவில் மறுபடி சாட்சி சொல்வதாக ஏற்பாடு. மொழிபெயர்க்க கராடியிலிருந்து தருண் என்கிற இளைஞனைப் பிடித்திருந்தார்கள். ஜெபமணி ஆட்டோ பிடித்துப் போய்க் கதவருகே நின்றாள். சுந்தரராமன் ஆட்சேபித்தார். தேஜஸ்வினி, “உட்காரட்டும்” என்றார்.

அனதோலி அதே வாக்கியத்தைச் சொன்னார். தருண் ஒரு கணம் சுந்தரராமனைப் பார்த்துவிட்டு, “கலந்து பேசிய பின் ஆபரேட்டர் அக்ரீட்” என்றான்.

ஜெபமணி எழுந்துவிட்டாள். “கலந்து பேசியதா? அதை யார் சொன்னது? ‘இல்லை’ என்று ஒரு சொல் இருந்ததே, அதை எங்கே விழுங்கினாய்?” ஆங்கிலத்தில் ஆரம்பித்தது ஹிந்திக்குப் போய்க் கடைசியில் தமிழாகிவிட்டது. “வெக்கமா இல்லயா ஒனக்கு?” தருணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குள் திரையில் அனதோலியே பொறுமை இழந்திருந்தார். அந்த ஒரு ஆங்கிலச் சொல் அவருக்கும் தெரியும். “நோ அக்ரீட்! நோ!” என்றார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். யாரோ மார்பில் கை வைத்து நெட்டுவதுபோலப் பின்னால் சாய்ந்தார், ஒரு கால் பின்வாங்கியது, இன்னொரு காலும் பின்வாங்கியது. “உஸ்துப்பீல்!” என்று கத்தினார். அதற்குமேல் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ‘நெருக்கியதால் பணிந்தார்’ என்று தேஜஸ்வினி தன் கைப்பட எழுதினார்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் ஜெபமணி நினைத்தாள். சில வாரம் கழித்து ரஃபீக்கைப் பார்க்கப் போனாள். அவன் முகம் கொடுக்கவில்லை. கம்பெனிமேல் குறையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டானாம். பதிலுக்கு ஆலை கேட்டில் உட்கார்கிற வேலை.

“மான் கயா, தீதி” என்றான்.

தீதி என்றால் அக்கா. ‘மான் கயா’வுக்கு ஹிந்தியில் சம்மதித்தேன் என்றும் பொருள், பணிந்துவிட்டேன் என்றும் பொருள். “எந்த ‘மான் கயா’?” என்று கேட்டாள். “மனசாரவா? நெருக்கினார்களா?”

ரஃபீக்கின் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். “நீங்கள் சண்டை போட்டது உங்கள் வார்த்தைக்காக. இவருக்கு அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறே எங்கே வேலை கிடைக்கும்? அதைச் சொல்லுங்கள்” என்று ஹிந்தியில் வெடித்தாள். ஜெபமணிக்குச் சுள்ளென்று ஏறியது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருமுனையில் நின்று தேஜஸ்வினிக்கு ஃபோன் போட்டாள். ரஃபீக் பின்வாங்கினாலும் அனதோலி சொன்னது நிற்கும் என்றார் அவர். சென்சார் இல்லாமல் அந்த பிரஸ்ஸை இனி ஓட்ட முடியாது, சீல் வைத்தாயிற்று. சூப்பர்வைசரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். ஃபோனில் கத்தியவர் யார் என்று மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

ஜனவரியில் வானவடியில் தமிழர்கள் சேர்ந்து பொங்கல் விழா வைத்தார்கள். சாப்பாட்டு வரிசையில் சுந்தரராமன் பின்னாலிருந்து வந்து சிரித்தார். “பழசையெல்லாம் மறந்துடலாம் மேடம். மார்ச்ல புது மெஷின் வருது, நீங்கதான் வரணும்.”

“நீங்க மறந்துருவீங்க சார். ரஃபீக் சோத்துல கை வைக்கும்போதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வருமே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க? நான் வரமாட்டேன்.”

“கோபத்துல பேசறீங்க.”

“ஆமா, கோபத்துலதான் பேசுதேன்” என்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபமணி தட்டோடு நகர்ந்து, சேவியர் நின்றிருந்த அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.