சந்தூக்குச் சாவியும் எங்கள் வெப்சைட்டும்

மூன்று வருஷமாக இதை எழுத நினைப்பதும், பேனாவை மூடி வைப்பதுமாக இருந்தேன். போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஒருவர் அண்ணனைப் பிடிப்பதுபோல் என் கையைப் பிடித்து, "நம்ம மையித்து வெப்சைட் நல்ல வேல, நானா" என்றார். வெட்கமாகிவிட்டது. இனியும் மறைப்பதா?

மாத்தளையில் நம் வீடொன்றில் மௌத், அதாவது மரணம், நடந்தால் யாரைக் கூப்பிடுவது, உடலைச் சுற்றும் கபன் துணி எங்கே, மையித்தை, அந்த உடலை, வைத்துச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி இருக்கும் அறையின் சாவி யாரிடம் — எல்லாவற்றையும் நானும் கூட்டாளி கபூரும் வெப்சைட்டாகப் போட்டோம். நான் குறிப்பெழுதிய கொப்பியைப் பார்த்து வாசிப்பேன், அவன் டைப் அடிப்பான். பிளேன்டீ ஆறிப்போகும். அந்தப் பின்னேரங்கள் இனி வருமா?

"இது ஸ்டாட்டிக் சைட், மச்சான். செவுத்துல ஒட்டின நோட்டீஸ் மாதிரி. நாமளா மாத்தி ஒட்டினாத்தான் மாறும்" என்பான். எல்லோரும் பார்க்க இணையத்தில் இடம் தரும் இலவச ஹோஸ்டிங் ஒன்றைத் தேடிப்பிடித்து ஏற்றியதும் அவன்தான்.

திடீரென்று கபூர் மௌத்தானான். அவனிடம் இருந்த சந்தூக்கு அறைச் சாவி என் வீட்டுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் அவன் பெயரை அழித்து என் பெயரைப் போட்டேன். திறந்து பார்த்தேன்... சரியாக இருந்தது. நான் பார்த்தது என் கம்ப்யூட்டரில் கிடந்த பிரதியை! ஹோஸ்டிங்கில் திரும்ப ஏற்றவே இல்லை.

இரண்டு மாதம் போனது. மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய ஒருவரின் உம்மா மௌத். மகன் வெப்சைட்டைப் பார்த்து, சாவிக்காக நேரே கபூர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கபூரின் மனைவி, கணவர் மௌத்தானபின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். வெளி ஆண்கள் முன் வராத நாட்கள். வாசலில் ஒரு குரல்: "கபூர் நானா இருக்காரா?"

கபூரின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றே என் வீட்டைச் சொல்லி அனுப்பினார். நானோ கடைக்குப் போயிருந்தேன். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் நடக்கவிருந்த அடக்கம் பின்னேர அஸருக்குப் பின்தான் நடந்தது. அந்த மகன் என்னை ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அன்றிரவே சாவி விவரத்தை வெப்சைட்டிலிருந்து எடுத்துவைத்தேன். இத்தா முடிந்ததும் என் மனைவியோடு போய் கபூரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன்.

"அன்டைக்கு அவர் பேரைச் செல்லிக் கூப்பிட்ட நேரம், நானும் ரூம் பக்கம் திரும்பிப் பாத்துட்டேன் நானா" என்றார். பிறகு சொன்னார்: "சாவிக்கு உங்க பேரைப் போடுங்க. ஆனா அவர் பேரை முழுசா எடுத்துடாதீங்க."

அன்றே என் பெயரோடு ஹோஸ்டிங்கில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுப் போனில் திறந்து உறுதிப்படுத்தினேன். கடைசியில் ஒரு வரி: இந்தப் பக்கங்களைச் செய்த கபூருக்காக துஆ செய்யுங்கள்.

இதைப் பகிர்ந்தால் அப்படியே பகிருங்கள். மரியாதை பார்த்து என் பிழையை வெட்டிவிட வேண்டாம் — அல்லாஹ்வுக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரியட்டும்.